விதியும் தராசும்

'விதி' என்னும் சொல் தமிழில் பல பொருள் தாங்கி நிற்பது யாவரும் அறிந்ததே. மனிதனால் மாற்றவொண்ணாத ஊழை விதி என்கிறோம். மனிதன் தானே வகுத்துக்கொண்ட சட்டத்தையும் ஒழுங்கையும் விதி என்கிறோம். சொற்கள் புணருங்கால் நிகழும் மாற்றங்களை முறைப்படுத்திக் கூறும் இலக்கண நூற்பாவும் விதியே. ஒரே சொல்லின் நிழலில் இம்மூன்றும் ஒதுங்கி நிற்பதால் விளையும் மயக்கம் சிறிதன்று. மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில் முதியவள் ஒருத்தி, 'எல்லாம் எங்க விதி' என்று பெருமூச்செறியும்போது, அவள் சுட்டுவது எந்த விதியை? ஆராய்ந்து பார்ப்போமாயின், பல வேளைகளில் அது ஊழன்று. நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஒரு சட்டம், வர்த்தமானியில் வெளியான ஓர் அறிவித்தல், தோட்டக் கந்தோரிலிருந்து புறப்பட்ட ஒரு கட்டளை என்பது புலப்படும். வகுத்தவருக்குப் பெயருண்டு, வகுத்த நாளுக்குத் தேதியுண்டு, மாற்றுவதற்கும் வழியுண்டு. இருந்தும், அது ஊழாகவே அவளை வந்தடைந்திருக்கிறது.

இந்த மயக்கத்தைத் தெளிவிப்பது கல்வியின் கடமை. ஆனால் கல்வியுலகம் விதியை எவ்வாறு கற்கிறது? சட்ட மாணவன் விதியை ஏட்டில் கற்கிறான். மெய்யியல் மாணவன் அதன் தருக்கத்தைக் கற்கிறான். சமூகவியலார் அதன் வழக்கத்தையும், பொருளியலார் அதன் ஊதியத்தையும், மானிடவியலார் அதன் சடங்கையும், மொழியியலார் அதன் அமைப்பையும் ஆராய்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் வேலிக்குள் நின்று பேசுகின்றனர். யானையைத் தடவிய குருடர் கதை பழைய கதை. எனினும் அக்கதையில் ஒரு குறையுண்டு: யானையின் காலடியில் அகப்பட்டுக்கொண்டவன் ஒருவனை அதில் யாரும் காட்டவில்லை. விதியைப் பற்றிய ஆராய்ச்சியிலும் அவனே விடுபட்டுப் போகிறான். அவனை நடுவில் நிறுத்தி இத்துறைகளை அழைத்து வைத்துப் பார்க்க, அற்றனும் நுவரெலியாவும் சூழ்ந்த தேயிலை மலைகளைக் காட்டிலும் பொருத்தமான இடம் இந்நாட்டில் வேறில்லை என்பது என் கருத்து.

ஏனெனில் தோட்டம் என்பதே விதிகளால் கட்டப்பட்ட உலகம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்குவதற்கு முன்பே, கோப்பித் தோட்டங்களின் காலத்தில், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தொழில் ஒப்பந்தத்தை மீறுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி கடன்பட்டவனாக மட்டுமன்றிக் குற்றவாளியாகவும் கருதப்பட்டான். அவ்வேட்டு விதிக்கு அருகே ஏட்டில் இல்லாத விதியொன்றும் வளர்ந்தது. அதுவே துண்டு முறை. கங்காணியின் ஆட்கள் மீதுள்ள கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர் அவர்களை அழைத்துச் செல்லலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு காகிதமே துண்டு. சட்டப் புத்தகத்தின் எந்தப் பிரிவும் அதனைப் பெற்றெடுக்கவில்லை. வழக்கமே அதனைப் பெற்று வளர்த்தது. அதை ஒழிப்பதற்கோ 1921இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. வழக்கம் விதியாவதும், அவ்விதியை வீழ்த்த வேறொரு விதி எழுவதும் ஆகிய இரு நிகழ்ச்சிகளையும் ஒருசேரக் காண வேண்டுமாயின், சட்டமும் வரலாறும் ஒரே மேசையில் அமர வேண்டாமா?

சட்டத் துறையார் விதியை எங்ஙனம் காண்கின்றனர் என்பதற்கு மலையகத்தார் மறக்கவியலாத வழக்கொன்று சான்றாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிக் குடிமகனாவதற்கு அவருடைய தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்திருக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டிலேயே தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, குடிமக்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்றாயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றிருந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒன்றிலேனும் வெல்லவில்லை. ருவன்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்புத் தொடர்பாக எழுந்த கொடகன் பிள்ளை வழக்கு, 1951இல் உயர் நீதிமன்றத்திலும் 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலிலும் விசாரிக்கப்பட்டது. எந்த ஒரு சமூகத்துக்கும் மற்றவருக்கில்லாத தடையை விதிக்கலாகாது என்ற அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை இச்சட்டங்கள் மீறுகின்றனவா என்பதே வினா. இல்லை என்பதே இரு மன்றங்களின் விடையுமாயிற்று. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. ஒரு நாடு தன் குடிகள் யாவரென வரையறுப்பது இயல்பே என்பது அதன் சாரம்.

இத்தீர்ப்பைச் சட்ட மாணவன் ஒரு பாடமாகப் படிக்கிறான். விதியின் சொல்லை மட்டும் நோக்குவதா, அது விளைக்கும் பயனையும் நோக்குவதா என்ற கேள்விக்கு அது சிறந்த எடுத்துக்காட்டு. ஆனால் சொல்லை மட்டும் நோக்கிய மன்றத்துக்குத் தெரியாத ஒன்றைத் தோட்டத்து வரலாறு தெரிந்தவர் அறிவர். பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தனர் என்பதற்கு எழுத்திற் சான்று கேட்பது, பிறப்பைப் பதிந்து வைக்கும் வழக்கம் உள்ள குடும்பத்துக்கு ஒரு பொருளையும், இராமநாதபுரத்திலிருந்தோ திருச்சிராப்பள்ளியிலிருந்தோ மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்து வந்தவனின் பேரனுக்கு முற்றிலும் வேறு பொருளையும் தரும். சொல் ஒன்றே, அது விழும் நிலம் வேறு. நிலத்தை அறியாதவர் சொல்லை மட்டும் கொண்டு நடுநிலை காண முற்படுவது, மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே உயரத்துக்கு நீர் நிற்கும் என்று எண்ணுவது போன்றதன்றோ?

மெய்யியலார் இவ்விடத்தில் நமக்குத் துணை நிற்கின்றனர். விதிகளை இருவகையாகப் பிரித்துக் காட்டியவர் ஜோன் சேர்ல் என்னும் அமெரிக்க அறிஞர். முன்னரே நடந்துகொண்டிருக்கும் ஒன்றை ஒழுங்குபடுத்தும் விதிகள் ஒருவகை. வண்டிகள் இடப்புறம் செல்ல வேண்டும் என்பது போல்வன. முன்னர் இல்லாத ஒன்றைப் படைத்துத் தரும் விதிகள் மற்றொரு வகை. சதுரங்க விதிகள் போல்வன. விதியில்லையேல் வண்டியுண்டு, ஆனால் விதியில்லையேல் சதுரங்கமே இல்லை. குடியுரிமை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15ஆந் தேதி. முதல்நாள் மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தவளும், மறுநாட் காலையில் அதே கூடையை முதுகில் மாட்டியவளும் ஒருத்தியே. மலை மாறவில்லை, மழை மாறவில்லை, கூலி மாறவில்லை. அவள் யார் என்பது மட்டும் மாறிவிட்டது. அவளுடைய செயலை ஒழுங்குபடுத்த வந்ததன்று அவ்விதி. அவளையே வேறொன்றாகப் படைத்துவிட்டது.

தோட்டத்து வழக்கில் 'பேர்' என்றொரு சொல் உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய முழுச் சம்பளத்தைப் பேர் என்பர். குறித்த அளவு கொழுந்து பறித்தால் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். அளவு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். பதினாறு, பதினெட்டு, இருபது கிலோ என்று ஏறியும் இறங்கியும் நிற்கும். செக்ரோலில் பேர் விழுந்தால் அன்றைய தினம் அவள் முழு மனுஷி, விழாவிட்டால் பாதி. சேர்ல் சொன்ன படைப்பு விதிக்கு இதனினும் கூரிய உவமை வேறு வேண்டுமா? ஒரு மனிதரின் ஒரு நாளுக்கும் அவருடைய பெயருக்கும் ஒரே சொல்லை வழங்கிய அம்மக்கள், எந்த மெய்யியல் நூலையும் படிக்காமலே அவ்வுண்மையைக் கண்டுகொண்டனர். பிற்காலத்தில், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க நேர்ந்தபோது, இந்நாட்டில் இடையறாது வசித்ததற்குச் சான்றாகத் தோட்டத்துப் பதிவேடுகளையே பலரும் நாட வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை கிட்டியதோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. தராசடியில் எழுதப்பட்ட பேரும், நாட்டின் ஏட்டில் எழுதப்பட வேண்டிய பேரும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

விதியைப் பின்பற்றுதல் என்றால் என்ன என்று கேட்டு, உலகையே சிந்திக்க வைத்தவர் விட்கென்ஸ்டைன். 1953இல், அவர் மறைந்தபின், வெளியான நூலில் அவர் காட்டிய நுட்பம் இது: எந்த விதியும் தன்னை எவ்வாறு கையாள வேண்டும் என்பதைத் தானே முழுமையாகச் சொல்லிவிடுவதில்லை. அதற்கு விளக்கம் சொன்னால், அவ்விளக்கத்துக்கும் விளக்கம் வேண்டும். ஈற்றில் விதி நிலைபெறுவது மனிதர் கூடிச் செய்யும் பழக்கத்திலேதான். 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்பது கொழுந்து பறிப்பின் விதி. சொல்லளவில் சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் புதிதாக மலையேறியவள் எந்த இலை முற்றல், எந்தக் கொழுந்தை அடுத்த சுற்றுக்கு விடுவது, மழையில் விரல் எவ்வளவு விரைவாகப் போக வேண்டும் என்பவற்றை விதியிலிருந்து கற்பதில்லை. பக்கத்து நிரையில் நிற்கும் அத்தையின் விரல்களிலிருந்து கற்கிறாள். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 முதல் பயிர் விதிகளை ஆராய்ந்து வருகிறது. அவ்வாராய்ச்சி பயனுடையதே. எனினும் அதன் பரிந்துரை ஒவ்வொன்றும் அத்தையின் விரலில் வந்துதான் உயிர்பெறுகிறது.

இவ்வுண்மையைத் தொழிலாளர் தம் போராட்டத்திலும் கையாண்டுள்ளனர். விதிப்படி மட்டும் வேலை செய்வது, அல்லது மெல்லென வேலை செய்வது என்னும் முறை உலகெங்கும் தொழிற்சங்கங்கள் அறிந்த ஆயுதம். 2015 ஜூலையில், நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கையுடன் தோட்டங்களில் மெதுவாக வேலை செய்யும் போராட்டம் நடைபெற்றது. எழுதப்பட்ட விதிக்கு மேலாகத் தொழிலாளர் நாள்தோறும் தாமாக வழங்கும் திறமும் அக்கறையும் எவ்வளவு என்பது, அவற்றை அவர்கள் நிறுத்தும்போதுதான் தெரியவரும். ஜேம்ஸ் ஸ்கொட் என்ற அறிஞர் 1998இல் எழுதிய நூலில் இக்கருத்தை விரித்துரைத்துள்ளார்: எழுதப்பட்ட விதியை மட்டும் கொண்டு எந்த ஆலையும் ஒரு நாள்கூட ஓடாது.

சமூகவியலும் சட்டமும் சந்திக்கும் ஓரிடத்தை எச்.எல்.ஏ. ஹார்ட் 1961இல் எழுதிய நூலில் சுட்டினார். வெளியே நின்று பார்ப்பவனுக்கு மனிதர் நடத்தையில் ஓர் ஒழுங்கு மட்டுமே தெரியும். உள்ளே இருப்பவனுக்கோ அது கடமையாகத் தெரியலாம் என்பது அவர் கருத்து. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுகின்றனர். தொலைவில் நின்று எண்ணுபவர் தலைகளை எண்ணலாம். ஆனால் வந்தவர்களுள் ஒருவர் அச்சத்தால் வந்தார், ஒருவர் பழக்கத்தால் வந்தார், ஒருவர் கடமையென்று வந்தார், ஒருவர் வேறு கதியில்லாமல் வந்தார் என்பதை எண்ணிக்கை சொல்லாது. அதே மக்கள் மாசி மாதத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் நாட்டுவது முதல் தகனம் வரை நோன்பும் முறையும் வழுவாது நடந்துகொள்வதைப் பாருங்கள். அங்கே செக்ரோல் இல்லை, தண்டம் இல்லை, வர்த்தமானி இல்லை. ஆயினும் இன்னார் இன்னது செய்ய வேண்டும் என்ற விதி இறுக்கமாகக் காக்கப்படுகிறது. ஒரே மனிதர், ஒரே லயம், இருவகை விதி. ஒன்று மேலிருந்து வந்தது, மற்றது உள்ளிருந்து எழுந்தது. இவ்வேறுபாட்டைக் கற்பிக்க இதனினும் தெளிவான பாடநூல் எங்கே கிடைக்கும்?

பொருளியலாரும் அண்மைக் காலத்தில் விதியின்பால் திரும்பியுள்ளனர். நாட்டின் செல்வத்தையும் வறுமையையும் நிர்ணயிப்பன விளையாட்டின் விதிகளே என்று காட்டிய டக்ளஸ் நோர்த் 1993இல் நோபல் பரிசு பெற்றார். ஏட்டிலுள்ள விதி வேறு, கையாளப்படும் விதி வேறு என்று வலியுறுத்தியவரும், பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே தமக்கு விதி வகுத்துக் காக்க வல்லவர் என்று நிறுவியவருமான எலினோர் ஒஸ்ட்ரம் 2009இல் அப்பரிசைப் பெற்றார். தோட்டத்துச் சம்பள வரலாற்றை இவ்விருவரின் கண்கொண்டு நோக்குவோம். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்படுத்தியது. அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்கூலி வகுக்கப்பட்டது. ஆண் பெண் சம்பள வேற்றுமை நீங்கியது 1984இல். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, அதிகக் கொழுந்து பறித்தவளுக்குக் குறைந்த கூலி என்பது விதியாக இருந்தது, ஊழாகவும் எண்ணப்பட்டது. ஒரு நாள் அது மாறியது. மலைகள் இடிந்து விழவில்லை.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி அறிவித்தது. ஏட்டு விதி ரூபாவை நிர்ணயித்தது. கிலோவைப் பற்றி வாய்திறக்கவில்லை. அதன்பின் பறிக்க வேண்டிய அளவு கூட்டப்பட்டதாகவும், வேலை நாட்கள் குறைந்ததாகவும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. சம்பள விதி ஒருகையால் கொடுத்ததை அளவு விதி மறுகையால் எடுத்துக்கொள்ளக் கூடும் என்பதைச் சட்டப் புத்தகத்தை மட்டும் படிப்பவர் அறியார். தராசடியில் நிற்பவர் அறிவர். அதற்கு மேலும் உண்டு. கூடையின் பாரத்துக்கென்றும், இலையில் உள்ள ஈரத்துக்கென்றும் நிறையிலிருந்து கழிக்கும் வழக்கம் பல இடங்களில் நிலவுவது. எவ்வளவு கழிப்பது என்ற சிறு விதி, வர்த்தமானியின் பெரு விதியைவிட அவள் வீட்டு உலைக்கு நெருங்கியது. மானிடவியலார் வலன்டைன் டானியல் 1996இல் வெளியிட்ட நூலில், அளவையும் வன்முறையையும் இணைத்துத் தோட்டங்களைப் பற்றி ஓர் இயலே எழுதியது காரணமின்றியன்று.

இங்கே நம் சொந்த மரபை நினைவுகூர்தல் வேண்டும். மேனாட்டார் பெயர்களை இத்துணை எடுத்துரைத்த பின், தமிழ் மாணவன் கேட்கலாம்: விதியைப் பற்றிச் சிந்திக்க நமக்கு நூல் இல்லையா என்று. உண்டு, அது இலக்கணம். மொழியில் அமைந்து கிடக்கும் விதிகளை அறிவியல் முறையில் ஆராய்வதற்கு 1957இல் சோம்ஸ்கி புதுவழி கண்டார் என்று போற்றுகிறோம், தக்கதே. ஆனால் விதிக்கும் மீறலுக்கும் இடையேயுள்ள நிலத்தை அளந்து காட்டியதில் நம் இலக்கண ஆசிரியர்கள் எவருக்கும் பிற்பட்டவரல்லர். விதிப்படி அமைந்தது வழாநிலை. விதியினின்று பிறழ்ந்தது வழு. பிறழ்ந்ததாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது வழுவமைதி. பசுவை அன்பினால் 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழுவாயினும் அமைதி பெறுகிறது. நூலில் அடங்காதது எஞ்சுமாயின் அதற்கு இடமளிக்கப் புறனடை உண்டு. பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் குற்றமாகா என்று ஏற்கும் பெருந்தன்மையும் அங்கே உண்டு.

இந்த மூன்று சொற்களைக் கையிலேந்தித் தராசடிக்குச் செல்லுங்கள். நிறை நிரம்பியவளுக்குப் பேர் விழுவது வழாநிலை. நிரம்பியும் கழிவு என்ற பெயரில் அரைப்பேர் விழுவது வழு. பிள்ளை சுகமில்லாமல் பிந்தி வந்தவளின் குறைந்த நிறையைக் கண்டும் காணாததுபோலக் கணக்கப்பிள்ளை முழுப்பேர் போடுவது வழுவமைதி. ஆயின், வழுவமைதியை வழங்கும் அதிகாரம் யாருக்கு? இதுவே என் கேள்வியின் உயிர்நிலை. இலக்கணத்தில் அவ்வதிகாரம் வழக்குக்கு உரியது. அதாவது மொழியைப் பேசி வாழ்பவர்க்கு உரியது. பேசுவோர் ஏற்றுக்கொண்டதை இலக்கண ஆசிரியர் ஏற்றுக்கொள்கிறார். தோட்டத்திலோ அது தராசைப் பிடித்திருப்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஒருத்திக்குக் கிடைத்த அமைதி மற்றொருத்திக்கு மறுக்கப்படலாம், கேட்கவும் முடியாது. 'வழக்கு' என்ற சொல்லே தமிழில் மக்கள் பயில்வதையும் மன்றத்தில் நிகழ்வதையும் ஒருங்கே குறிப்பது. தோட்டத்து மக்களோ இரு பொருளிலும் வழக்கிழந்தவராய் நெடுங்காலம் இருந்தனர்: அவர்கள் பயின்று வந்ததை எவரும் விதியாக ஏற்கவில்லை, மன்றம் ஏறிய வழக்கிலும் அவர்கள் வாழ்க்கை சான்றாக எடுக்கப்படவில்லை.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். துறைக்கொரு முறை இருப்பதால்தான் ஆழம் உண்டாகிறது. எல்லாவற்றையும் கலந்தால் எதுவும் தெளியாது என்பர். நியாயமே. பொருளியல் கணக்கைச் சட்டத்தரணியும், சட்ட வாதத்தை மொழியியலாரும் செய்யப் புகுந்தால் குழப்பமே மிஞ்சும். துறைகளைக் கலைக்க நான் கோரவில்லை. ஒரே விதியை அவை ஒவ்வொன்றும் தத்தம் முறையில் ஆராய்ந்து, கண்டதை ஒருவர்க்கொருவர் சொல்ல வேண்டும் என்பதே கோரிக்கை. இன்னும் சிலர், விதிகள் ஏழையின் எதிரி; அவற்றைக் கற்பது எதற்கு, எதிர்ப்பதே தக்கது என்பர். இதனை ஏற்பதற்கில்லை. சம்பளச் சட்டம் இல்லாத காலத்தில் தொழிலாளி நம்பியிருந்தது துரையின் தயவை. தயவு வரலாம், வராமலும் போகலாம். விதியைக் காட்டிக் கேட்கலாம். தீங்கு விளைவது பெரும்பாலும் விதி இருப்பதால் அன்று. அது ஒரு தரப்பார்க்கு மட்டும் தெரிந்திருப்பதாலும், ஒரு தரப்பாரே அதனை வகுப்பதாலும்.

இதனை நன்குணர்ந்தவர் கோ. நடேச ஐயர். 1931இல் அற்றன் நகரில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நிறுவிய அவர், சங்கத்தோடு பத்திரிகையையும் விடாது நடத்தியவர். அவர் துணைவியார் மீனாட்சியம்மையோ, தொழிலாளர் நிலைமையைப் பாட்டாக்கி மேடைகளில் பாடினார். சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. மக்கள் தமிழில் வாழ்ந்தனர். அவ்விடைவெளியைக் கடக்கப் பத்திரிகையும் பாட்டும் பாலமாயின. 1956க்குப் பின் ஆட்சிமொழி சிங்களமாகியபோது அவ்விடைவெளி குறையவில்லை. வேறு வடிவில் தொடர்ந்தது. விதியின் மொழி எது என்பதும் விதியின் ஒரு பகுதியே என்பதை மொழியியலார் நமக்கு எடுத்துரைக்க வேண்டும்.

விதிகள் மாறுகின்றன என்பதற்கு மலையக வரலாறே சான்று. 1964 அக்டோபர் 30ஆந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இருநாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களைக் கேட்டு வகுத்த கணக்கன்று அது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ, அவ்வொப்பந்த நாள் முதல் இந்நாட்டில் நிலையாக வசித்தவரும் அவர்தம் வழிவந்தவரும் குடிமக்களே என்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் சேவை செய்யத் தடையாயிருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். ஒவ்வொன்றும் மாறியது. ஒவ்வொன்றும் மாறுவதற்கு முன் 'எங்கள் விதி' என்று பெருமூச்சோடு ஏற்கப்பட்டது.

எனவே ஆசிரியப் பெருமக்களை நோக்கி ஒரு வேண்டுகோள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டாகிறது. அன்று இலயத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவித்தலே பெரும்பணி. இன்று அப்பிள்ளைகளுள் பலர் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பல்கலைக்கழகம் புகுகின்றனர். அவர்களுள் ஆசிரியராகித் திரும்புவோரும் உளர். பள்ளியில் நாம் விதிக்குக் கீழ்ப்படியக் கற்பிக்கிறோம். மணியடித்தால் வரிசை, பரீட்சையில் விதிமுறை, இலக்கண வகுப்பில் நூற்பா. விதியை ஆராயக் கற்பிக்கிறோமா? உயர்வகுப்பு மாணவன் ஒருவன், தன் தோட்டத்து விதி ஒன்றை எடுத்துக்கொண்டு ஐந்து கேள்வி கேட்கட்டும். இது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எம்மொழியில்? எழுதப்பட்டதற்கும் நடப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம்? இதனால் ஊதியம் யாருக்கு, இழப்பு யாருக்கு? விலக்களிக்கும் அதிகாரம் யார் கையில்? இது எந்த ஆண்டில் தொடங்கியது, அதற்கு முன் என்ன இருந்தது? இவ்வைந்துக்கும் விடை தேடுபவன் சட்டம், சமூகவியல், பொருளியல், மெய்யியல், வரலாறு ஆகிய ஐந்தையும் தொட்டுவிடுவான். இலக்கண ஆசிரியர் அருகிருப்பின், வழுவமைதியின் பொருளையும் உடன் விளக்கலாம்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு சொல். பேராதனையிலிருந்து தேயிலை மலைகள் தொலைவில் இல்லை. அங்குள்ள துறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தோட்டங்களைப் பற்றி ஆய்வேடுகள் எழுதுகின்றன. ஒரே தோட்டத்தில், ஒரே அளவு விதியை, நான்கு துறை மாணவர் ஓராண்டு கூடியிருந்து ஆராய்ந்தால் அதன் பயன் நான்கு தனித்தனி ஆய்வேடுகளின் பயனினும் மிகும். அவ்வாய்வின் முடிவைத் தமிழில் எழுதி, அத்தோட்டத்து மக்கள் முன் படித்துக் காட்டவும் வேண்டும். விதியைச் சுமந்தவரே அதைப் பற்றிய ஆய்வின் முதல் வாசகர் என்பது ஆய்வாளர் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளத்தக்க விதி.

ஊழைப் பற்றி வாதிடுவது சமயவாணர் பணி. அதில் நான் புகவில்லை. ஆனால் ஊழல்லாததை ஊழென்று நம்பவிடுவது கல்விக்கு இழுக்கு. ஒரு விதி பிறந்த ஆண்டைச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அது இறக்கவும் கூடும் என்பதை அறிந்த பிள்ளை. அத்தகைய பிள்ளை தராசின் முன் நிற்கும்போது முள்ளை மட்டும் பார்க்காது. தராசைப் பிடித்திருக்கும் கையையும் பார்க்கும்.